சொல்லாமல் விட்ட வரி

சொல் மைக்கைத் தாண்டிப் போன பிறகுதான் அது தவறான சொல் என்று பன்னீர்செல்வத்துக்கு உறைத்தது.

"தப்பு எதாச்சும் கண்ணுல பட்டா போட்டுக் குடுங்க. பேரு கேக்க மாட்டாங்க."

மெஸ் ஹால் சிரித்தது. தமிழ் ஆட்கள் நூற்றைம்பது பேர் இருக்கும். பீகார்க்காரர்களுக்கும் வங்காளிகளுக்கும் விஷயம் ஏற்கனவே இந்தியில் புரிந்திருந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"மொதல்ல யாரப் போடறது? ஃபோர்மேனையா, சமையக்காரனையா?" என்று பின்வரிசையில் ஒருவன் எழுந்து கேட்டான்.

"சமையக்காரன. சாம்பாருக்குத் தனி கேஸு," என்றான் பன்னீர்செல்வம்.

மேடையில் இருந்த துபாய் போலீஸ் சார்ஜென்ட் ராஷித் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "என்ன சொன்னாய்?" என்று இந்தியில் கேட்டார். அரபிக்காரர், ஆனால் இந்தி நன்றாகப் பேசுவார். சின்ன வயதில் வீட்டு டிரைவரிடம் கற்றது என்று அவரே ஆரம்பத்தில் சொல்லியிருந்தார்.

"நீங்க சொன்னதத்தான் சார் சொன்னேன். வார்த்தை கொஞ்சம் மாறிப்போச்சு. இது கூட இருக்கிறவனக் காட்டிக் குடுக்கிறவனுக்குச் சொல்ற வார்த்தை," என்று இவனும் இந்தியிலேயே சொன்னான்.

"அப்படியானால் நல்ல வார்த்தையைச் சொல்."

பன்னீர்செல்வம் யோசித்தான். தகவல் கொடுங்கள் என்றால் தாலுகா ஆபீஸ் போர்டு போல இருந்தது. புகார் செய்யுங்கள் என்றால் ஊர் ஸ்டேஷன் ஞாபகம் வந்து பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

"சொல்லுங்க," என்றான் மைக்கில். "தப்பு நடந்தா வந்து சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவனை மைக் முன்னால் கொண்டுவந்தது அவன் குரல்தான். சாரம் கட்டும் வேலையில் பதினோரு வருடம். பன்னிரண்டாவது மாடியில் நின்று கீழே குழாய் எடுத்துத் தருகிறவனுக்குக் கேட்கிற மாதிரி கத்துவான். இந்தி முதல் இரண்டு வருடத்தில் வந்துவிட்டது. சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்புகளுக்குப் போலீஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஏமாற்று வேலைகளைப் பற்றிப் பேசுகிறது, உங்கள் கேம்ப்புக்கும் வருகிறது, தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று கேம்ப் பாஸ் கேட்டபோது, எல்லாரும் ஒரே திசையில் கையைக் காட்டினார்கள். அவர்கள் கொண்டுவந்த நோட்டீஸ் ஐந்து மொழிகளில் இருந்தது. தமிழில் இல்லை.

திரையில் அடுத்த படம் வந்தது. ஒரு கை இன்னொரு கைக்கு அட்டை ஒன்றை நீட்டுகிறது. பத்தாக்கா. இங்கே இருக்கிற எல்லாரும் சட்டைப் பையிலோ போன் உறைக்குள்ளோ வைத்திருக்கும் அடையாள அட்டை.

சார்ஜென்ட் நிதானமாகப் பேசினார். "உங்கள் பத்தாக்காவைக் காட்டி சிம் வாங்கி இன்னொருவனுக்குக் கொடுக்கிறீர்கள். நண்பன்தான், நல்லவன்தான். ஆனால் அந்த நம்பரிலிருந்து யார் என்ன செய்தாலும் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவு."

பன்னீர்செல்வம் அதைத் தமிழில் சொன்னான். ஹாலில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"ஏற்கனவே கொடுத்திருந்தால் பயப்படாதீர்கள். நாங்கள் உங்களைத் தேடி வருவதற்கு முன்னால் நீங்கள் வந்து சொல்லுங்கள். வெளியே மேசை போட்டிருக்கிறோம். நான்கு மணி வரை இருப்போம்."

பன்னீர்செல்வம் வாயைத் திறந்தான். மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. சார்ஜென்ட் தலையசைத்தார், சொல் என்பது போல.

"அவ்வளவுதான்," என்றான். "அடுத்தது."

*

ஜெயசீலன் கேம்ப்புக்கு வந்தபோது அவனுடைய பத்தாக்கா இன்னும் வரவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம். ஊரில் மனைவிக்குப் பிரசவ நேரம். "ஒரு நம்பர் மட்டும் எடுத்துக் குடுண்ணே, கார்டு வந்ததும் மாத்திக்கிறேன்," என்றான். பன்னீர்செல்வம் கடைக்குக் கூட்டிப்போய் தன் கார்டை நீட்டி, விரலை வைத்தான். நம்பர் வந்தது. குழந்தையும் பிறந்தது. கேம்ப்பில் லட்டு கொடுத்தான் ஜெயசீலன். நம்பரை மாற்றவில்லை, இவனும் கேட்கவில்லை. கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும்.

பன்னீர்செல்வம் முதன்முதலில் வந்தபோதும் அப்படித்தான். மன்னார்குடிக்காரர் ஒருவர் தன் பேரில் எடுத்துக் கொடுத்தார். அவர் முழுப் பெயர்கூட இவனுக்குத் தெரியாது. இங்கே வந்து இறங்குகிறவனுக்கு முன்னால் வந்தவன் செய்யும் முதல் மரியாதை அது. பாய் விரித்துக் கொடுப்பதுபோல.

ஜெயசீலன் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது.

மெஸ் ஹாலிலிருந்து வெளியே வந்த பன்னீர்செல்வம், கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் போய் இரண்டு பஸ்களுக்கு நடுவில் நின்றான். போனில் 'சீலன் துபாய்' என்று இருந்த நம்பரை அழுத்தினான். அணைந்து கிடக்கும் என்றுதான் நினைத்தான்.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள்.

"நமஸ்தே சார். பேங்க்கிலிருந்துதான் உங்களைக் கூப்பிட்டிருந்தோம்," என்றது ஓர் ஆண் குரல், இந்தியில், தேன் மாதிரி. "உங்கள் கார்டு இன்று மாலையோடு பிளாக் ஆகிறது. கவலை வேண்டாம், நானே சரிசெய்கிறேன். பத்தாக்கா நம்பரை மட்டும் படியுங்கள்."

"எந்த பேங்க்?"

"ஹெட் ஆபீஸ் சார்."

ஹெட் ஆபீசில் குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பை அணைக்கச் சொன்னார்கள்.

"சார், லைனில் இருக்கிறீர்களா? உங்கள் பெயர்?"

பெயரைச் சொல்ல நாக்கு எழுந்துவிட்டது. போனைக் கட் பண்ணினான். அந்தக் குரல் எந்தப் பெயரில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறதோ, அந்தப் பெயரையே அது கேட்டிருக்கிறது.

ஜெயசீலனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான். கால்மணி நேரத்தில் பதில் வந்தது. பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஐயோ அண்ணே, அந்த போன வர்றப்ப வித்துட்டேண்ணே. சிம்மோட. தேராவுல ஒரு கடைக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தான் ஒருத்தன், அவன்கிட்ட. பேரெல்லாம் தெரியாது. ஏண்ணே, எதுவும் பிரச்சினையா?"

அதற்குக் கீழே இன்னொரு குரல் செய்தி வந்து கிடந்தது. மனைவி நாகவள்ளி.

"டாக்டர் இருவத்தி மூணாந்தேதியே வச்சுக்கலாம்னுட்டாரு. இனிமே தள்ள வேண்டாமாம். கர்ப்பப்பைய எடுத்துத்தான் ஆகணுங்கிறாரு. நீங்க பத்தொம்பதே வந்துருவீங்கள்ல? நம்ம விஜிப் பொண்ணுக்கு அந்த வாரம் பரீட்சை. அவள ஆஸ்பத்திரில உக்கார வைக்க எனக்கு மனசில்ல. இந்தத் தடவ லீவு கேன்சல்னு சொன்னீங்கன்னா நானே வந்து ஒங்க மேனேஜர்கிட்ட பேசுவேன், ஆமா."

ஏற்கனவே இரண்டு முறை தேதி தள்ளிப்போயிருந்தது. இரண்டு முறையும் இவன் லீவுக்காக.

பன்னீர்செல்வம் பதில் பேசினான். "வந்துருவேன்." அதைத் திரும்பக் கேட்டான். அழித்தான்.

போன வருடம் இதே கேம்ப்பில் தெலுங்குக் கொத்தனார் ஒருவரை வழியனுப்பினார்கள். பெட்டியைக் கொடுத்து, போர்டிங் பாஸ் வாங்கி, இமிக்ரேஷன் கவுண்டர் வரை போய்விட்டார். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, ஓரமாக உட்காரச் சொன்னார். பேரில் ஏதோ கேஸ். விமானம் ஹைதராபாத் போனது, ஆள் போகவில்லை. அது என்ன கேஸ் என்று கடைசிவரை யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பயணத் தடை என்ற வார்த்தை மட்டும் கேம்ப்பில் தங்கிவிட்டது.

*

அறையில் கௌஸ் முகைதீன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். தொண்டிக்காரன். ஏசி குழாய் வேலை. பன்னீர்செல்வத்தின் கட்டிலுக்கு மேல் கட்டில் அவனுடையது. ஏழு வருடமாக ஒருவன் குறட்டையை இன்னொருவன் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"வாங்க வாங்க, போட்டுக்குடுத்தான் பன்னீர்செல்வம்," என்றான். "ஒம்ம சொற்பொழிவுக்குப் பலன் கெடச்சிருச்சு மாப்ள. மூணாம் மாடி பாத்ரூம்ல நாலு சிம்மு ஒடஞ்சு கெடக்கு."

"யாரு?"

"அடுத்தவன் பேர்ல வச்சிருந்தவனுங்க. ஒடச்சுப் போட்டா முடிஞ்சிச்சுன்னு நெனக்கிறானுங்க. எடுத்துக் குடுத்தவனுங்க பாடுதான் மோசம். அந்த அறந்தாங்கிப் பய பட்டப்பகல்லயே போத்திப் படுத்துட்டான். யாருக்கு எடுத்துக் குடுத்தானோ."

பன்னீர்செல்வம் கட்டிலில் உட்கார்ந்தான்.

கௌஸ் ஒரு சட்டையை உதறினான். "நான் ஒண்ணு கேக்கணும். சார்ஜென்ட் இன்னொன்னும் சொன்னாருல்ல? வந்து சொன்னா பயமில்லன்னு. மேச போட்டுருக்கோம்னு. அத நீ தமிழ்ல சொல்லல."

"சொல்லலியா?"

"எனக்கு இந்தி தெரியும் மாப்ள."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கௌஸ் சட்டையைக் கயிற்றில் போட்டு கிளிப் மாட்டினான். பிறகு திரும்பிப் பார்த்தான்.

"எத்தன?"

"ஒண்ணு. சீலனுக்கு."

"அவன்தான் போயிட்டானே."

"நம்பர் போவல. இப்பத்தான் கூப்பிட்டுப் பாத்தேன். பேங்க்லேருந்து பேசறோம்கிறான். என்கிட்டயே பத்தாக்கா நம்பர் கேக்குறான்."

கௌஸ் சிரிக்கத் தொடங்கி, நிறுத்தி, எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தான். "யா அல்லா. நீ குடுத்தியா?"

"அந்த அளவுக்கு முட்டாளில்ல."

"இல்ல, கேட்டேன்."

கௌஸ் குரலைத் தாழ்த்தினான். "சும்மா இருந்தா என்ன ஆவும்? பதினெட்டு நாள். டிக்கெட் இருக்கு. போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

"அதத்தான் காலைலேருந்து நெனச்சிக்கிட்டிருக்கேன்."

"மேசைக்குப் போனா?"

"இன்னைக்கே பேரு ஏறிடும். ஏறினா விடுவானோ மாட்டானோ."

"போவலன்னா?"

"எவனாவது ஏமாந்து கம்ப்ளைன்ட் குடுப்பான். ஏர்போர்ட்ல வச்சுப் பிடிப்பான். தஞ்சாவூருல அவ தனியாப் படுத்திருப்பா."

"ரெண்டுலயும் நீ ஊருக்குப் போவ முடியாமப் போவலாம்," என்றான் கௌஸ். "ஒண்ணுலதான் நீயா நடந்து போய்ச் சொல்றே."

பன்னீர்செல்வம் அறந்தாங்கிப் பையனின் பேரைக் கேட்டான். அக்ஷய் என்றான் கௌஸ். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"நான் அந்த வரியச் சொல்லியிருந்தா அவன் போத்திப் படுத்திருக்க மாட்டான்ல?"

"அது எனக்குத் தெரியாது. போர்வைக்குள்ள வேர்க்கிறதாவது மிச்சமாயிருக்கும்."

*

ஒரு மணிக்கு மெஸ் ஹாலில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை கோழி. வரிசை கதவு வரை நின்றது. மேடையில் மைக் இல்லை, கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பன்னீர்செல்வம் ஒரு பெஞ்சின் மேல் ஏறினான். பெஞ்ச் ஆடியது.

"ஒரு நிமிஷம்," என்றான். சைட் குரல். தட்டுகள் நின்றன.

"மறுபடியும் யாரப் போடப்போற?" என்றது வரிசை. சிரிப்பு.

"காலைல சார்ஜென்ட் சொன்னதுல ஒரு வரிய விட்டுட்டேன். மறந்து விடல. வேணும்னேதான் விட்டேன்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"அவர் சொன்னது இதுதான். நம்ம பேர்ல சிம் எடுத்து யாருக்காவது குடுத்திருந்தா, அவங்க தேடி வர்றதுக்கு முன்னாடி நாமளாப் போய்ச் சொன்னா பயப்பட வேணாம். வெளிய மேச போட்டு உக்காந்திருக்காங்க. நாலு மணி வரைக்கும். ஒடச்சு பாத்ரூம்ல போடறதால பேரு அழியாது."

"நீ ஏன் அத விட்டே?" யாரோ கேட்டார்கள். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ள.

"நானும் குடுத்திருக்கேன். அது இப்ப ஒரு திருடன் கையில இருக்கு. பயந்துட்டேன்." பெஞ்சிலிருந்து இறங்கினான். "இப்ப என்னைய நானே போட்டுக் குடுக்கப் போறேன். கூட வர்றவன் வரலாம்."

வரிசையின் முன்னால் ஒருவன் சிரிக்க, அது ஹால் முழுக்கப் பரவியது. காலையில் வந்த சிரிப்பு இல்லை இது. யாரோ "சாப்பிட்டுட்டுப் போண்ணே, கோழி தீந்துரும்," என்றார்கள்.

அவன் சாப்பிடாமல் போனான்.

மேசை வேப்பமர நிழலில் இருந்தது. சார்ஜென்ட் ராஷித்தும் மடிக்கணினியுடன் இன்னொருவரும். பன்னீர்செல்வம் பத்தாக்காவை எடுத்து மேசைமேல் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான்: ஜெயசீலன், குழந்தை, தேரா, குக்கர் விசில். குக்கருக்கு மட்டும் சார்ஜென்ட் லேசாகப் புன்னகைத்தார்.

"காலையில் நீ ஒரு வாக்கியத்தை விட்டாய்," என்றார். "தமிழ் எனக்குத் தெரியாது. ஆனால் நான் பேசியது நீளம், நீ பேசியது குட்டை."

"இப்ப உள்ள போய்ச் சொல்லிட்டு வந்தேன் சார்."

மடிக்கணினிக்காரர் நம்பரைத் தட்டினார். அரபியில் இருவரும் பேசிக்கொண்டார்கள். பன்னீர்செல்வம் அவர்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். புரிந்த ஒரே சொல் அவன் பெயர். அதையும் உடைத்து உடைத்துச் சொன்னார்கள்.

"ஒரு புகார் வந்திருக்கிறது," என்றார் சார்ஜென்ட். "மூன்று நாள் முன்பு. சத்வாவில் தையல் கடை வைத்திருக்கிற பெண். இந்த நம்பரிலிருந்து கூப்பிட்டு பேங்க் கோட் நம்பர் கேட்டிருக்கிறார்கள், அவள் கொடுக்கவில்லை. நேராக எங்களிடம் வந்துவிட்டாள். இங்கே நடத்தியதுபோலவே ஒரு கூட்டத்தில் இந்த ஏமாற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறாளாம்."

"எனக்குப் பத்தொம்பதாந்தேதி டிக்கெட் சார். வீட்ல ஆப்பரேஷன்."

"அதை நான் இங்கே உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. பொய் சொல்ல மாட்டேன்." சார்ஜென்ட் திரையை அவன் பக்கம் திருப்பினார். அரபியில் ஒரு வரி இருந்தது. விரலால் வலமிருந்து இடமாகத் தொட்டுக் காட்டினார். "ஆனால் இதைப் பார். இன்றைய தேதி, ஒரு மணி இருபது நிமிடம். அழைக்காமல் தானே வந்தான் என்று எழுதியிருக்கிறேன். இனி உன் ஃபைலை யார் திறந்தாலும் முதலில் படிப்பது இதைத்தான். நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வா."

பன்னீர்செல்வம் திரும்பியபோது பின்னால் ஆறு பேர் நின்றார்கள். கடைசியில் கௌஸ் முகைதீன், அக்ஷயின் தோளில் கை போட்டபடி. பையனின் முகம் உப்பியிருந்தது. கௌஸின் இன்னொரு கையில் மூடிய தட்டு.

"நீ எதுக்கு வந்தே?" என்றான் பன்னீர்செல்வம். "நீயும் குடுத்தியா?"

"எங்கிட்ட எவன் கேட்டான்? மூஞ்சியப் பாத்தே ஓடிருவானுங்க. ஒனக்குக் கோழி கொண்டாந்தேன்." தட்டை நீட்டினான். "இவன் ரெண்டு நம்பர் எடுத்துக் குடுத்திருக்கான். இந்தி தெரியாது. நீ பக்கத்துல நில்லு."

பன்னீர்செல்வம் தட்டை வாங்கி மேசை ஓரத்தில் வைத்தான். சார்ஜென்ட் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு பன்னீர்செல்வத்தைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"முதலில் பெயர்," என்றார்.

"ஒம் பேரக் கேக்குறாரு தம்பி. பயப்படாமச் சொல்லு."

நான்கு மணிவரை என்றது ஐந்தரை வரை போனது. பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொரு வரியையும் பன்னீர்செல்வம் முழுசாகச் சொன்னான். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்டான். போகும்போது, பக்கத்துக் கேம்ப்புகளிலும் தமிழ் ஆட்கள் இருக்கிறார்கள், அடுத்த மாதம் வருவாயா என்று சார்ஜென்ட் கேட்டார். ஊருக்குப் போய்விட்டு வந்து வருகிறேன் என்றான் பன்னீர்செல்வம். சொன்ன பிறகுதான், ஊருக்குப் போவதை முடிவான விஷயமாகப் பேசியிருப்பது தெரிந்தது. அன்றிரவு நாகவள்ளிக்கு எல்லாவற்றையும் பேசி அனுப்பினான். குரல் செய்தி ஏழு நிமிடம் வந்தது.

*

மறுநாள் திங்கட்கிழமை. ஃபோர்மேன் அரைநாள் லீவு கொடுத்தார். பன்னீர்செல்வம் எட்டு மணிக்கு ஸ்டேஷனில் இருந்தான். டோக்கன் எண் முப்பத்தொன்று. ஒன்பதேமுக்காலுக்குக் கூப்பிட்டார்கள். வாக்குமூலத்தை அரபியில் தட்டச்சு செய்து உருதுவில் படித்துக் காட்டினார்கள். இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டான். ஜெயசீலன் அனுப்பிய குரல் செய்தியைப் பதிவு செய்துகொண்டார்கள். நம்பர் காலை ஏழு மணிக்கே துண்டிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். பயணத்துக்குத் தடை எதுவும் போடவில்லை, தேவைப்பட்டால் போனில் கூப்பிடுவோம், ஊர் நம்பரையும் எழுதிக் கொடு என்றார் அங்கிருந்த அதிகாரி. எழுதிக் கொடுத்தான். பதினொன்றரைக்கு வெளியே வந்து நாகவள்ளிக்கு "வந்துருவேன்" என்று பேசி அனுப்பினான். பஸ் பிடித்து சைட்டுக்குப் போனான். மதியம் ஏழாவது மாடியில் வடக்குப் பக்கச் சாரம் பாதி கட்டி முடிந்தது. ஆறு மணிக்கு டியூட்டி முடிந்தது.